உடற்பயிற்சியில் கவனம் சிதறாமல் இருக்க: சேலத்து ஜிம் முதல் ஏற்காடு மலைப்பாதை வரை முழு வழிகாட்டி

ஒரு சாதாரண ஜிம் நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து பயிற்சி, ஒவ்வொன்றுக்கும் 4 செட் (நிறுத்தாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்றுதான் செட்), ஒரு செட்டுக்கு 40 நொடி. மொத்தம் 20 செட், 800 நொடி. அதாவது 13 நிமிடத்துக்குச் சற்று மேல். ஒன்றரை மணி நேரம் ஜிம்மில் இருந்துவிட்டு வருகிறவர் உண்மையில் எடை தூக்கியது அவ்வளவுதான். மீதியில் பெரும்பகுதி செட்டுக்கும் செட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. 90 நொடி ஓய்வு என்று வைத்தால் 19 இடைவெளிக்கு 28 நிமிடம் போதும். கையில் போன் இருந்தால் அதே இடைவெளி மூன்றரை நிமிடமாக நீளும். அப்போது ஓய்வுக்கே 66 நிமிடம். "ஜிம்முக்குப் போக நேரமே இல்லை" என்கிற பலருடைய நேரம் தொலைகிற இடம் இதுதான்.

ஒரு மணி நேரம் முழுக்க மனதை இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. யாராலும் முடியவும் முடியாது. எந்த நொடியில் கவனம் தவறினால் அடிபடும், எந்த நிமிடத்தில் தவறினால் பயிற்சி நீர்த்துப் போகும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அந்த இடங்களில் மட்டும் மனதுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். மற்ற நேரத்தில் அது எங்கே அலைந்தாலும் குற்றமில்லை. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு கணக்கை வைத்துச் சொல்லப்பட்டவை.

படி 1: முந்தைய இரவே எழுதி வையுங்கள்

ஜிம்முக்குள் நுழைந்த பிறகு "இன்னைக்கு என்ன போடலாம்?" என்று யோசிப்பவர் பாதித் தோல்வியோடுதான் தொடங்குகிறார். முடிவெடுப்பதும் ஒரு வேலை. அந்த வேலையை உடம்பு சூடாகும் நேரத்தில் மனதின் மேல் ஏற்றக்கூடாது. சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு ஒன்று வாங்குங்கள். போன் ஆப் வேண்டாம். ஆப்பைத் திறந்தால் அடுத்து எதைத் திறப்பீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

ஒரு பக்கம் இப்படி இருக்கலாம். ரெப் என்பது ஒரு பயிற்சியை ஒரு முறை செய்வது. ஸ்குவாட் என்பது எடையோடு உட்கார்ந்து எழுவது, ரோ என்பது குனிந்து எடையை மேலே இழுப்பது, பிளாங்க் என்பது முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது. ரேக் என்பது பார்பெல் என்ற எடைக் கம்பியைத் தாங்கும் சட்டம்:

ஸ்குவாட்: 4 செட், 8 ரெப், 50 கிலோ, ஓய்வு 2 நிமிடம். "தரையைத் தள்ளு." (ரேக் கிடைக்காவிட்டால் டம்பெல் ஸ்குவாட்.)
டம்பெல் பெஞ்ச் பிரஸ்: 3 செட், 10 ரெப், கைக்கு 15 கிலோ, ஓய்வு 90 நொடி. "கூரையைத் தொடு." (பெஞ்ச் கிடைக்காவிட்டால் தண்டால்.)
டம்பெல் ரோ: 3 செட், 10 ரெப், ஓய்வு 90 நொடி. "முழங்கையால் மேலே இடி."
பிளாங்க்: 3 முறை, 10 மூச்சு, ஓய்வு 60 நொடி.

எடை உங்கள் நிலைக்கு ஏற்றபடி மாறும். மாறக்கூடாதவை மூன்று: ஓய்வு நேரம், மேற்கோள் குறிக்குள் இருக்கும் அந்த ஒற்றைக் கட்டளை, அடைப்புக்குள் இருக்கும் மாற்றுப் பயிற்சி. மாற்றுப் பயிற்சியைப் பலரும் எழுதுவதில்லை. மாலை ஆறரைக்கு மேல் எந்த ஜிம்மிலும் ரேக் காலியாக இருக்காது. ஆள் நகரக் காத்திருக்கும் ஐந்து நிமிடத்தில்தான் கை போனைத் தேடும்.

கிளம்புவதற்கும் ஒரு வரி எழுதுங்கள்: "ஐந்தரைக்கு அலாரம் அடித்ததும் முகம் கழுவி, ஷூ போட்டு, கேட்டைத் திறப்பேன்." 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று நேரத்தையும் இடத்தையும் சேர்த்து முடிவு செய்பவர்கள், வெறுமனே 'செய்ய வேண்டும்' என்று நினைப்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் இருந்தே விளக்கி வந்திருக்கிறார். ஷூவையும் சாக்ஸையும் வாசல் பக்கம் எடுத்து வைப்பதும் இதில் சேர்த்தி.

படி 2: நேரத்தையும் இடத்தையும் வெயிலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

சேலத்தில் கவனத்தின் முதல் எதிரி வெயில். ஏப்ரல், மே மாதங்களில் பகல் 38, 39 டிகிரியைத் தொடுவது சகஜம். மொட்டைமாடியில் ஷீட் போட்டு நடத்தும் ஜிம்களில் மாலை ஏழு மணிக்கும் அந்தச் சூடு இறங்காது. உடம்பு தன்னைக் குளிர்விக்க ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. அதனால் அதே எடைக்கும் அதே வேகத்துக்கும் இதயம் கூடுதலாகத் துடிக்கிறது, எரிச்சல் வருகிறது, எண்ணிக்கை தவறுகிறது. இதை மனசு சரியில்லை என்று தப்பாகப் படிப்பவர்கள் அதிகம். வெயில் காலம் தொடங்கும் முதல் இரண்டு வாரம் பயிற்சிக்கு ஒரு செட்டைக் குறையுங்கள். உடம்பு சூட்டுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். வெளியே ஓடுகிறவர்கள் இந்த மாதங்களில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

அடுத்த எதிரி கூட்டம். காந்தி ஸ்டேடியத்தில் காலையில் நடக்க வருபவர்கள் கூட்டணியாக வருவார்கள். அரசியல், நிலவிலை, வெள்ளி விலை எல்லாம் நடந்துகொண்டே அலசப்படும். மெதுநடைக்கு அது நல்ல துணை. வேகமாக ஓட வேண்டிய நாளில் அதே கூட்டத்துக்குள் போனால், விலகி விலகி ஓடியே கவனம் போய்விடும். மெதுவான நாளைக் கூட்டத்தோடும், கடுமையான நாளைக் கூட்டத்துக்கு முன்பும் வைத்துக்கொள்ளுங்கள்.

தடத்தில் சுற்று எண்ணுவது இன்னொரு தொல்லை. 400 மீட்டர் தடத்தில் 5 கிலோமீட்டர் என்பது பன்னிரண்டரைச் சுற்று. ஏழாவது சுற்றுக்குமேல் ஏழா எட்டா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். வலது பாக்கெட்டில் 12 புளியங்கொட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒன்றை இடது பாக்கெட்டுக்கு மாற்றுங்கள். வலது பாக்கெட் காலியானதும் இன்னும் அரைச் சுற்று ஓடினால் கணக்கு சரி. உள்வட்டத்தில் ஓடினால்தான் 400 மீட்டர். ஒரு வட்டம் தள்ளி ஓடினால் சுற்றுக்கு ஏழு மீட்டருக்கு மேல் கூடும்.

விசைத்தறியிலோ ஆலையிலோ நைட் ஷிப்ட் முடித்து நேராக வருகிறவர்கள் அன்றைக்குப் பார்பெல் பக்கம் போக வேண்டாம். தூக்கம் கெட்ட மூளை தாமதமாகத்தான் பதில் சொல்லும். தலைக்கு மேலே எடை இருக்கும்போது ஒரு நொடி பெரிய விஷயம். அரை மணி நேர நடை, கொஞ்சம் ஸ்ட்ரெச்சிங், பிறகு தூக்கம். கனமான பயிற்சியை எழுந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

படி 3: தண்ணீர், சாப்பாடு, காபி

உடல் எடையில் 2 சதவீதம் வியர்வையாக வெளியேறினாலே உடல்திறனும் கவனமும் குறையத் தொடங்கும். 70 கிலோ ஆளுக்கு அது 1.4 கிலோ. ஒரு முறையாவது பயிற்சிக்கு முன்னும் பின்னும், வியர்வை நனைந்த துணி இல்லாமல் எடை பாருங்கள். உங்களுக்கு ஒரு மணி நேரத்தில் எவ்வளவு போகிறது என்று தெரிந்துவிடும். பொதுவாக, இரண்டு மணி நேரம் முன்னால் 400 முதல் 500 மில்லி, பயிற்சியின்போது 15–20 நிமிடத்துக்கு ஒரு முறை 150 முதல் 200 மில்லி. அதிகாலையில் கிளம்புபவர்கள் எழுந்ததும் ஒரு டம்ளர் குடித்தால் போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வியர்க்கப் போகிறதென்றால் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரோ நீர்மோரோ கொண்டு போங்கள். ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் உப்பு விஷயத்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காலையில் ஒரு வாழைப்பழம் போதும். மாலையென்றால் ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு மூன்று இட்லி. ஐந்து மணிக்குத் தட்டுவடை செட்டு ரெண்டு பிளேட் முடித்துவிட்டு ஆறு மணிக்குப் பிளாங்க் போடுகிறவருக்குப் பூண்டு ஏப்பம் தவிர வேறெதிலும் கவனம் நிற்காது. தட்டுவடை செட்டைப் பயிற்சி முடிந்த பிறகு சாப்பிடுங்கள், யார் தடுத்தது?

காபி வேலை செய்யும். குடித்து முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் அதன் வேகம் உச்சத்தில் இருக்கும். ஆனால் குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஏழு மணி ஜிம்முக்காக ஆறு மணிக்குக் காபி குடித்தால் இரவுத் தூக்கத்தைக் கடன் வாங்குகிறீர்கள். மறுநாள் கவனம் அந்தக் கடனைக் கட்டும்.

படி 4: போனை என்ன செய்வது

ஒரு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு இன்னொன்றுக்குத் தாவினால் கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-ல் விளக்கினார். இடைவெளியில் ஒரு வாட்ஸ்அப் செய்தியைப் படித்துப் பதில் போடாமல் வைத்தால், அடுத்த செட் முழுக்க அந்தப் பதிலைத்தான் மனது எழுதிக்கொண்டிருக்கும். முதுகில் 50 கிலோ இருக்கும். மனது குடும்ப குரூப்பில் இருக்கும்.

பாட்டு வேண்டுமென்றால் முன்கூட்டியே டவுன்லோட் செய்து, ஏரோபிளேன் மோடில் போட்டு, பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள். டைமருக்கு மலிவான டிஜிட்டல் கைக்கடிகாரம் போதும்; ஜிம் சுவரில் நொடி முள் உள்ள கடிகாரம் இருந்தால் கைக்கடிகாரமும் வேண்டாம். வீட்டில் உடம்பு சரியில்லாதவர்கள் இருக்கிறார்கள், கடையில் ஆள் இருக்கிறார் என்பவர்கள், 'டூ நாட் டிஸ்டர்ப்' அமைப்பில் இரண்டு மூன்று எண்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்து வைக்கலாம். அந்த எண்களிலிருந்து வந்தால் மட்டும் மணி அடிக்கும்.

இருட்டில் ஓடுகிறவர்கள், தனியாகப் போகும் பெண்கள், மலைப்பாதைக்குப் போகிறவர்கள் போனை விட்டுவிட்டுப் போகவே கூடாது. அதை இடுப்புப் பையில் வைத்து, சத்தத்தை மட்டும் அடக்குங்கள்.

படி 5: வார்ம்-அப்பை வாசல்படியாக்குங்கள்

உடம்பு வந்து ஐந்து நிமிடம் கழித்துத்தான் மனது வரும். அதற்குள் கனமான எடையைத் தொடாதீர்கள். முதல் ஐந்து நிமிடம் வேக நடை அல்லது சைக்கிள். அந்த நேரத்தில் கடை, ஆபீஸ், ஸ்கூல் ஃபீஸ் என்று எது தலைக்குள் வந்தாலும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு சொல்லாக எழுதிவிடுங்கள்: "கரண்ட் பில்", "மாமாவுக்கு போன்". எழுதியதை மறக்கக்கூடாதே என்று மனது காவல் காக்க வேண்டியதில்லை. அடுத்த ஐந்து நிமிடம், அன்றைய முதல் பயிற்சியையே வெறும் பாரிலும் பிறகு பாதி எடையிலும் செய்யுங்கள். நெற்றியில் வியர்வை துளிர்த்தும் இன்னும் ஆபீஸ் நினைப்பு ஓடுகிறதா? இன்னொரு லேசான செட் போடுங்கள். நஷ்டம் ஒரு நிமிடம்தான்.

படி 6: செட்டுக்குள் ஒரே ஒரு கட்டளை

முழுக் கவனம் வேண்டிய இடம் இது. 40 நொடி. அதற்குள் நெஞ்சை நிமிர்த்து, முட்டியை வெளியே தள்ளு, வயிற்றை இறுக்கு, குதிகாலை ஊன்று என்று மாஸ்டர் சொன்ன எல்லாவற்றையும் நினைத்தால் எதுவும் நடக்காது. ஒரு செட்டுக்கு ஒரு கட்டளை.

அந்தக் கட்டளை உடம்புக்கு வெளியே இருக்கும் ஒன்றைக் குறிப்பதாக இருக்கட்டும். காப்ரியேலே வுல்ஃப் என்ற இயக்கவியல் ஆய்வாளர் 1990-களின் பிற்பகுதியிலிருந்து பல விளையாட்டுகளில் இதைச் சோதித்திருக்கிறார். தன் தசையைப் பற்றி நினைப்பவரைவிட, தன் அசைவு வெளியே என்ன செய்கிறது என்று நினைப்பவர் சீராகவும் வீண் பலமில்லாமலும் இயங்குகிறார். எனவே ஸ்குவாட்டில் "தொடையை இறுக்கு" என்பதைவிட "தரையைத் தள்ளு" மேல். தண்டாலில் "நெஞ்சை உபயோகி" என்பதைவிட "தரையை உன்னிடமிருந்து விலக்கு" மேல். பஸ்கியில், பின்னால் ஒரு ஸ்டூல் இருப்பதாக நினைத்து அதன் விளிம்பைத் தேடி உட்காருங்கள். விதிவிலக்கு ஒன்று உண்டு: பைசெப்ஸ் கர்ல் போன்ற சிறிய பயிற்சியை, லேசான எடையில், தசையை வளர்க்க மட்டும் செய்கிறீர்கள் என்றால் தசையையே நினைக்கலாம்.

ரெப்பைத் தலைகீழாக எண்ணுங்கள்: எட்டு, ஏழு, ஆறு. ஏறுவரிசை வாய்ப்பாடம்; மனது எங்கோ இருந்தாலும் வாய் சொல்லிக்கொண்டே போகும். இறங்குவரிசைக்குக் கொஞ்சம் கவனம் தேவை, அந்தக் கொஞ்சம்தான் நமக்கு வேண்டும். மீதி எத்தனை என்பதும் கூடவே தெரியும்.

பாரைத் தொடுவதற்கு முன் செய்வதை ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் செய்யுங்கள். ஸ்குவாட்டுக்கு இப்படி: பாரின் இரு பக்கமும் கிளிப் போட்டிருக்கிறதா என்று பார். கையை இரு பக்கமும் சம தூரத்தில் வை. பாருக்கு அடியில் போய்த் தோளில் ஏற்று. மூச்சை இழுத்து நிறுத்து. கட்டளையை ஒரு முறை மனதுக்குள் சொல். தூக்கு. வெறும் பாரிலும் இதே வரிசை, கனமான பாரிலும் இதே வரிசை. நடுவில் யாராவது கூப்பிட்டு வரிசை உடைந்தால் பாரைத் திரும்ப வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். கிளிப் போடாத ஒரு பக்கத்துத் தட்டு சரிந்து விழுவது பெரும்பாலும் வரிசை உடைந்த நாளில்தான் நடக்கும்.

படி 7: இடைவெளிதான் கடினம்

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு 2016-ல் ரியோ பாராலிம்பிக்ஸ் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அந்த விளையாட்டில் ஒரு தாண்டல் சில நொடிதான். மற்றவர்கள் தாண்டும் நேரமெல்லாம் காத்திருப்பு. தொடர்ந்து மூன்று முறை தவறினால் போட்டியே முடிந்தது. காத்திருக்கும் நேரத்தில் மனதை வீணாக்காமல் வைத்திருப்பது அந்த விளையாட்டின் பாதித் திறமை. ஜிம்மில் நமக்கு அவ்வளவு நெருக்கடி இல்லை, ஆனால் கணக்கு அதேதான்.

இரண்டு நிமிட ஓய்வை மூன்றாகப் பிரியுங்கள். முதல் 30 நொடி எதுவும் செய்யாமல் நடந்துகொண்டே மூச்சை வாங்குங்கள். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும். அடுத்த ஒரு நிமிடம் சொந்த நேரம்: நோட்டில் எடையையும் ரெப்பையும் குறியுங்கள், தண்ணீர் குடியுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள், மனதை மேய விடுங்கள். கடைசி 30 நொடி பாருக்கு முன்னால் நின்று அதை மட்டும் பாருங்கள்.

ஓய்வின் அளவும் முக்கியம். ஸ்குவாட், டெட்லிஃப்ட் போன்ற பெரிய பயிற்சிக்கு 2 முதல் 3 நிமிடம். கை, தோள், வயிறு போன்றவற்றுக்கு 60 முதல் 90 நொடி. இதைக் குறைத்தால் மூச்சுத் திணறலில் கட்டளை மறந்துபோகும். கூட்டினால் உடம்பு ஆறிப்போய், மனது வீட்டுக்குக் கிளம்பிவிடும்.

ஜிம் பேச்சைத் தவிர்ப்பது நம் ஊரில் நடக்காத காரியம். முகத்தைத் திருப்பிக்கொள்வதும் அழகல்ல. ஆனால் பேச்சுக்கு ஒரு எல்லை வைக்கலாம். "முடிச்சுட்டு வந்து பேசறேங்கண்ணா, இன்னும் மூணு செட்டு இருக்குது" என்றால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. ரேக்கில் ஆள் இருந்தால் பக்கத்தில் நின்று முறைத்துக்கொண்டிருக்காமல் கேட்டுவிடுங்கள்:

"அண்ணா, இன்னும் எத்தனை செட்டுங்க?"

"ரெண்டுதான் தம்பி. நடுவுல நீயும் போட்டுக்க."

மாறி மாறிப் போடும்போது அவருடைய செட்டே உங்கள் டைமர் ஆகிவிடும். கவனம் நிற்க இதைவிட எளிய வழி இல்லை. ஒரே தொந்தரவு, தட்டு மாற்றுவது. இருவர் எடையும் 20 கிலோவுக்கு மேல் வித்தியாசப்பட்டால் வேண்டாம்.

படி 8: ஓட்டம், நடை, ட்ரெட்மில்

இங்கே விதி மாறுகிறது. சீரான மெதுவான ஓட்டத்தில் மனது அலையலாம், அலைவது நல்லதும்கூட. முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் என்றால் பாட்டு கேளுங்கள், கூட வருபவரிடம் பேசுங்கள். 10-க்கு எவ்வளவு சிரமம் என்று உங்களையே கேட்டால் 4 அல்லது 5 என்று பதில் வர வேண்டும். நிமிடத்துக்கு 120 முதல் 140 தட்டு வரும் பாட்டு பொருந்தும். நம் குத்துப் பாட்டுகளில் அதற்குப் பஞ்சமில்லை. ரோட்டில் என்றால் ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள்.

சிரமம் 7, 8-ஐத் தாண்டும்போது பாட்டு பிடியை இழந்துவிடும். உடம்பின் குரல் அதைவிடச் சத்தமாகிவிடும்; அதை மறைக்கப் பார்ப்பது வீண். 1977-ல் மார்கன், பொல்லாக் என்ற இருவர் மாரத்தான் ஓட்டக்காரர்களை ஆராய்ந்தபோது, முன்னணி ஓட்டக்காரர்கள் தங்கள் மூச்சையும் காலையும் கவனித்துக்கொண்டே ஓடுவதையும், மற்றவர்கள் வேறெதையாவது நினைத்து வலியை மறக்கப் பார்ப்பதையும் கண்டார்கள். எனவே வேக ஓட்ட நாளில் மூச்சை எண்ணுங்கள்: இரண்டு அடிக்கு உள்ளே, இரண்டு அடிக்கு வெளியே. தோள் காதை நோக்கி ஏறியிருக்கிறதா, கை முஷ்டியாக மூடியிருக்கிறதா என்று பார்த்துத் தளர்த்துங்கள்.

ட்ரெட்மில்லில் அலுப்பு வருவது அதன் திரையால். 30 நிமிடத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே கழிப்பது கொடுமை. துண்டை மடித்துத் திரைமேல் போட்டுவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சரிவை 1 சதவீதம் மாற்றுங்கள்: 1, 2, 3, 2, 1, 0. ஆறு துண்டாக முடிந்துவிடும். சிவப்பு ஸ்டாப் பட்டனைத் துண்டு மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 9: ஏற்காடு மலைப்பாதை

அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை சைக்கிள் மிதிப்பதும் ஓடுவதும் சேலத்துக்காரர்களுக்குக் கிடைத்த பெரிய வசதி. 20 கொண்டை ஊசி வளைவு, சுமார் 20 கிலோமீட்டர் தூரம், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். மனதைக் கூறு போட்டுக்கொடுக்க அந்த வளைவுகளே போதும். மொத்த மலையையும் நினைக்காமல் அடுத்த வளைவை மட்டும் நினைத்தால் எவ்வளவு நீண்ட ஏற்றமும் முடியும்.

ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் மூன்று சோதனை: பிடி தளர்வாக இருக்கிறதா, தோள் இறங்கியிருக்கிறதா, மூச்சு எண்ணிக்கையில் இருக்கிறதா. வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே மனது சும்மா இருக்கட்டும். இரண்டு வளைவுக்கு ஒரு முறை இரண்டு வாய் தண்ணீர்.

இங்கே பலரும் செய்யும் தவறு தொடக்க வேகம். காலைக் குளிர், புது உற்சாகம், கூட வந்தவர் முன்னால் போகிறார். ஐந்தாவது வளைவுக்குள் மூச்சு முட்டிவிடும், அதன்பின் மீதிப் பாதை முழுக்கத் "திரும்பிடலாமா" என்ற ஒரே யோசனைதான். ஐந்தாவது வளைவு வரை முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தைத் தாண்டாதீர்கள். பத்தாவது வளைவுக்கு மேல் பலம் மிச்சம் இருந்தால் அப்போது கூட்டிக்கொள்ளலாம்.

மேலே போகப் போக வேகம் குறைவதற்கு மனதை மட்டும் குறை சொல்ல வேண்டாம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 84 சதவீதம்தான். அதே வேகம் அங்கே கொஞ்சம் கூடுதல் சிரமமாகத் தெரிவது இயல்பு. ஏற்றம் வேண்டாம், சீராக ஓட வேண்டும் என்பவர்கள் மேலே தங்கி, காபித் தோட்டங்களுக்கு நடுவே போகும் 32 கிலோமீட்டர் லூப் ரோட்டில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம்.

உண்மையில் கவனம் வேண்டியது இறக்கத்தில். ஏறி முடித்த களைப்பும் "முடிச்சாச்சு" என்ற நிம்மதியும் சேர்ந்து வரும் நேரம் அது. சைக்கிளில் இறங்குகிறவர்கள் வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவுக்குள் இறுக்கிப் பிடித்தால் டயர் வழுக்கும். வளைவின் உள்விளிம்பில் மணலும் சரளையும் சேர்ந்திருக்கும். சக்கரத்துக்கு முன்னால் உள்ள தரையைப் பார்க்காமல் வளைவு முடிகிற இடத்தைப் பாருங்கள். கண் போகும் பக்கம்தான் சைக்கிள் போகும். பஸ் வளைவில் திரும்ப மொத்த ரோடும் தேவைப்படும். ஹாரன் கேட்டால் ஓரமாக நின்றுவிடுங்கள். ஏறுகிற வண்டிக்கு வழி விடுவது மலைப்பாதை விதி. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடாகி, விரல் மரத்துவிடும். நாலைந்து வளைவுக்கு ஒரு முறை நின்று கையை உதறுங்கள். இறக்கத்தில் இரண்டு காதிலும் இயர்போன் கூடாது.

வெளிச்சம் வருவதற்கு முன் ஏறத் தொடங்காதீர்கள். காட்டெருமை நடமாட்டம் உள்ள மலை இது. பனிமூட்டத்தில் எதிரே வருவது தெரியவில்லை என்றால் மேலேயே காத்திருந்து வெயில் வந்ததும் இறங்குங்கள். வாழைப்பழத்தைப் பார்வைக்குத் தெரியும்படி கேரி பேக்கில் தொங்கவிட்டால் குரங்கு வந்து பிடுங்கும். பாதி இறக்கத்தில் குரங்கோடு மல்லுக்கட்டுவது யாருக்கும் நல்லதல்ல.

படி 10: பிளாங்க், ஸ்ட்ரெச்சிங், மூச்சுப் பயிற்சி

இவற்றில் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். 10 நிதானமான மூச்சு என்றால் கிட்டத்தட்ட 40 நொடி ஆகும். மூச்சை எண்ணினால் நேரமும் கணக்காகும், கவனமும் நிற்கும். எண்ணிக்கை தவறினால் விட்ட இடத்தைத் தேடாமல் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

அப்படியும் சிதறினால் எங்கே பார்ப்பது

பயிற்சியின் நடுப்பகுதியில் மட்டும் தொய்வு வருகிறதென்றால் வரிசையை மாற்றுங்கள்: கடினமானது முதலில், பிடித்தமானது நடுவில், எளிதானது கடைசியில். தொடர்ந்து இரண்டு செட்டில் எண்ணிக்கை மறந்துபோனால் எடையை 10 சதவீதம் குறையுங்கள்; மூன்றாவதிலும் மறந்தால் அந்தப் பயிற்சியை அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். எல்லாமே அலுப்பாக இருந்தால் முழுத் திட்டத்தையும் தூக்கிப் போடாமல், நாலு வாரத்துக்கு ஒரு முறை ஒரே ஒரு பயிற்சியை மட்டும் மாற்றுங்கள். வாரம் முழுக்கச் சிதறல் என்றால் பெரும்பாலும் தூக்கத்தில்தான் கோளாறு. ஒரு வாரம் எடையைப் பாதியாக்கி, அரை மணி நேரம் முன்னதாகப் படுங்கள்.

நெஞ்சுவலி, தலைசுற்றல், கண் இருட்டுவது, வழக்கமில்லாத மூச்சுத்திணறல் இவை கவனப் பிரச்சினையே அல்ல. உடனே நிறுத்தி உட்காருங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். "மனசை ஒருமுகப்படுத்தினால் சரியாகிவிடும்" என்று தள்ளிப்போடுவது ஆபத்து.

நோட்டில் ஒவ்வொரு நாள் பக்கத்தின் மூலையிலும் கவனத்துக்கு ஒரு மதிப்பெண் போடுங்கள்: 1 என்றால் சிதறல், 2 பரவாயில்லை, 3 நன்று. பக்கத்திலேயே முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எந்த நேரத்தில் பயிற்சி செய்தீர்கள் என்ற இரண்டை மட்டும் குறியுங்கள். ஒரு மாதம் கழித்து 1 வாங்கிய பக்கங்களை மட்டும் புரட்டுங்கள். எல்லாம் மாலை நேரமா, எல்லாம் ஆறு மணி நேரத்துக்குக் குறைந்த தூக்கமா என்று பார்வைக்கே தெரியும். அதில் ஒன்றை மட்டும் மாற்றி அடுத்த மாதம் ஓட்டுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று கண்டுபிடிக்க முடியாது.